வழுக்கை எங்கே தொடங்குகிறது?

தத்துவத் துறையில் எல்லோரும் அவளைத் 'தோராயம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய ஆராய்ச்சி அப்படி. ஒல்லி, குண்டு, உயரம், வழுக்கை என்று எல்லை சரியாகத் தெரியாத சொற்களை வைத்துக்கொண்டு நாம் எப்படிக் காலம் தள்ளுகிறோம் என்பதுதான் முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட கேள்வி.

வீட்டில் இதைச் சொன்ன அன்று அம்மா, "குண்டுன்னா குண்டுதான். இதுக்குப் போய் நாலு வருஷமாடி?" என்றாள். சில நாள் அவளுக்கே அப்படித்தான் தோன்றும். ஆனால் நூலகத்தின் ஜன்னலோர மேசையில் ஒரு வாதத்தைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டு, மறுபடி கோத்துப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் அவளுக்கு வேறெதிலும் வந்ததில்லை.

கருத்தரங்கில் முதல்முறையாகத் தன் அத்தியாயத்தை வாசிக்கும் நாள் வந்தது. அதில் முக்கிய உதாரணம் வழுக்கை. ஒரு முடி கொட்டினால் தலை வழுக்கையாகிவிடாது. இன்னொன்று கொட்டினாலும் ஆகாது. இப்படியே போனால், முடியே இல்லாத தலையைக்கூட வழுக்கை என்று சொல்ல முடியாது.

மேடைக்குப் போகும்போதுதான் முன்வரிசையைப் பார்த்தாள். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்டே ஆளைக் கவிழ்ப்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பீரங்கி. அவளைப் பயமுறுத்தியது அவருடைய கேள்விகள் அல்ல, தலை. காதோரம் கொஞ்சம் நரை, மற்றபடி விளக்கு வெளிச்சம் முழுக்க அங்கேதான்.

"செத்தேன்டி," என்றாள் பக்கத்தில் வந்த அறைத்தோழியிடம்.

"வழுக்கைன்னு வர்ற இடத்துலெல்லாம் உயரம்னு மாத்திப் படிச்சிடு," என்றாள் தோழி.

அப்படியே வாசித்தாள். மூன்று பக்கம் தப்பித்தது. நான்காம் பக்கத்தில் நாக்கு காலை வாரிவிட்டது.

"ஒருவருடைய உயரம் ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டே வந்தால்..."

பீரங்கி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உயரம் எப்பம்மா கொட்ட ஆரம்பிச்சுது?"

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. அவர் தன் கையிலிருந்த பிரதியைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு அனுப்புனதுல வழுக்கைன்னுல்ல இருக்கு! எனக்காக மாத்துனீங்களா?"

"ஆமா சார். மன்னிச்சுக்கங்க."

"எதுக்கு மன்னிப்பு? இங்க இருக்கறவங்கள்லயே இந்த விஷயத்துல அனுபவஸ்தன் நான்தான். என் வீட்டம்மா, கல்யாணத்தப்பவே எனக்கு வழுக்கைதாங்கறா. தம்பி, போன வருஷம்தாங்கறான். எனக்கு இன்னும் வரலைன்னு நான் நெனச்சிட்டிருக்கேன். யார் சொல்றது சரி?"

அவளுக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. இது அவளுடைய கேள்வி.

"மூணு பேருமே சரிதான் சார். உங்க வீட்டம்மா, மாப்பிள்ளைக்கு எவ்வளவு முடி இருக்கணும்னு பாத்தாங்க. தம்பி, அடுத்தது நாமதானோன்னு பயந்து பாக்கறார். நீங்க, சீப்பு இன்னும் தேவைதானான்னு பாக்கறீங்க. என்ன காரியம் ஆகணுமோ, அதுக்குத் தகுந்த மாதிரி நாமளே ஒரு கோடு போட்டுக்கறோம்."

பீரங்கி விடவில்லை. "ஆளுக்கொரு கோடுன்னா சண்டையே வரக்கூடாதே? எங்க வீட்ல தினம் வருதே?"

அவள் கையிலிருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள்.

"சண்டை தலையைப் பத்தி இல்ல சார். யார் போட்ட கோட்டை ரெண்டு பேரும் வச்சுக்கறதுங்கறதைப் பத்தி!"

பீரங்கி பேனாவை மூடினார். "இது இந்தப் பிரதியில இல்லையே?"

"இப்பதான் தோணுச்சு சார்."

"எழுதுங்க. உங்க அத்தியாயமே இதுதான்."

மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அவள் காலி அரங்கில் உட்கார்ந்து எழுதினாள். தோழி தட்டோடு வந்து, "ஆறிடும், தின்னுட்டு எழுது," என்று அதட்டினாள். இடது கையால் கரண்டியைப் பிடித்துத் தின்றபடியே வலது கையால் எழுதினாள். நடுநடுவே தானாகச் சிரித்துக்கொண்டாள். எட்டிப் பார்த்த அவளுடைய ஆராய்ச்சி நெறியாளர், சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.