பிட் பேப்பரில் இருந்த பாடம்

தேர்வில் பிட் அடித்து மாட்டிய மாணவியை விசாரிக்கும் குழுவில் குற்றவியல் துறைத் தலைவரும் இருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் விரிவுரையாளர் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆள் தொண்டையைக் கனைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாணவியிடம் பிடுங்கிய பிட் பேப்பரைப் பிரித்துத் தலைவர் உரக்கப் படித்தார். "தண்டனையைக் கூட்டுவதால் குற்றம் குறைவதில்லை. குற்றவாளியின் மனம்தான் கல்லாகிறது." அவர் முகம் பூரித்துப்போயிற்று.

"என் நோட்ஸ்தான், ஒரு வரி மாறலை!" என்றவர் அதே மூச்சில், "மூணு வருஷம் பரீட்சை எழுத விடக்கூடாது. அப்பதான் மத்ததுங்களுக்குப் பயம் இருக்கும்" என்றார்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களை விரிவுரையாளர் நிறையப் பார்த்திருக்கிறாள். தன் உபதேசத்தைத் தானே வாய்விட்டுப் படித்தும் காதில் விழாத ஜென்மத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

"சார், இப்ப படிச்சீங்களே, அது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரியாம என்னம்மா? வருஷா வருஷம் நடத்துறேனே!" என்று சிரித்த தலைவர், அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு இந்தப் பாடம்தான். என் நோட்ஸ் எங்கயோ தொலைஞ்சுபோச்சு. இதைப் பார்த்துத்தான் நடத்தணும்."