புள்ளியில்லாத ராணி

பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில் அவள் வேலை பார்த்தாள். மெழுகில் ஈறு வடித்து, பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, மெருகேற்றி முடிக்கும் வரை எல்லாம் அவள் கைதான். நடுங்காத கை. தேனீ வளர்க்க ஆரம்பித்தபோது அந்தக் கை உதவியது. வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் கம்பிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தாள். ஈக்கள் அடை கட்டிய மரச் சட்டங்களைக் கையுறை இல்லாமலே தூக்கிப் பார்ப்பாள்.

கணவனுக்கு டைல்ஸ் விற்கும் கம்பெனியில் வேலை. மேனேஜருக்கு அடுத்த நாற்காலி அவனுடையது. அதிலேயே வெகுநாளாக உட்கார்ந்து அதன் மெத்தை குழிந்துபோயிருந்தது. ஆரம்பத்தில் அவன் தேனீப் பக்கமே திரும்பவில்லை. ஒருமுறை ஆபீசுக்கு ஒரு பாட்டில் தேன் கொண்டுபோனான். மேனேஜர் ருசித்துவிட்டு, "உங்க வீட்டுத் தேனா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அது "நம்ம தேன்" ஆகிவிட்டது.

ஒரு பெட்டியின் ராணிக்கு வயதாகி, முட்டை இடுவது குறைந்தது. புது ராணி வாங்க வேண்டும் என்று அவள் சொன்னதும், தானும் வருவதாகக் கிளம்பினான். ராணி வளர்த்து விற்கும் ஒரு அம்மா ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் இருந்தாள். தீப்பெட்டி அளவுக் கூண்டுகள் இரண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இது ஒரே வம்சம். சாது. தேன் கொஞ்சம் கம்மியாத்தான் வரும். ஆனா நாளைக்கு இவ பொண்ணு ராணியா வந்தாலும் சமாளிச்சுக்கலாம்." அடுத்த கூண்டைத் தொட்டாள். "இது கலப்பினம். ரெண்டு வம்சத்தைச் சேர்த்து எடுத்தது. குணமும் தங்கம், தேனும் கொட்டும். ஆனா எல்லாம் இவளோட சரி. இவ பொண்ணு ராணியாகி, வெளிய போயி எந்த ஆண் ஈயோட சேருமோ யாருக்குத் தெரியும். அதுக்குப் பொறக்கிறதுங்க கிட்ட மனுஷன் நிக்க முடியாது. அதனால ராணியை அப்பப்ப எங்கிட்ட வாங்கி மாத்திடணும். இவ முதுகுல நீலப் புள்ளி வச்சிருக்கேன். புள்ளி இல்லாத ராணி கண்ணுல பட்டா, அது இவ பொண்ணு. உடனே எடுத்துடுங்க."

"நல்ல வியாபாரம்தான். நாங்க உங்களை விட்டு எங்கயும் போக முடியாது," என்றான் கணவன்.

"ஏன், உங்க கடை டைல்ஸ் உடையறதே இல்லையா?" என்றாள் அந்த அம்மா.

மனைவிக்குச் சாதுதான் வேண்டியிருந்தது. பின்கட்டு சின்னது, அக்கம்பக்கம் ஆட்கள் நடமாடும் இடம் என்றாள். அவன் கேட்கவில்லை. "சாதுவை வச்சு என்ன பண்றது. அதுக்குத்தான் வீட்டுல நான் இருக்கேனே." ராணிக்கார அம்மா சிரித்துவிட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த முகத்தோடே கலப்பின ராணியை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

பழைய ராணி உயிரோடு இருக்கும்வரை புதியவளை ஈக்கள் ஏற்காது. பழையவளைத் தேடிப் பிடித்து விரலிடையில் வைத்து நசுக்க வேண்டும். அந்த வேலைக்கு அவன் வரவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டான். முடிந்தது என்று சொல்லிவிட்டு அவள் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

புது ராணி வந்தபின் அந்தப் பெட்டி பொங்கியது. ஈக்கள் ஒன்றுகூட முறைக்கவில்லை. அடுக்குக்கு மேல் அடுக்கு வைக்க வேண்டியிருந்தது. அவன் ஆபீசில் தேன் கொடுக்காத மேசை இல்லை. தேனீ பற்றி யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான். பாதி அவள் சொன்னது, மீதி அவனே இட்டுக் கட்டியது.

ஒரு நாள் பட்டறையிலிருந்து திரும்பியபோது பின்கட்டில் மூன்றாவதாக ஒரு பெட்டி இருந்தது. நிறைந்த பெட்டியிலிருந்து சட்டங்களை எடுத்து அவனே பிரித்து வைத்திருந்தான். கழுத்தில் ஒரே ஒரு கொட்டு. அதைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"மேனேஜர் வீட்டுக்கு. அவங்க அப்பா தோட்டத்துலயே உக்காந்திருக்கார் இல்ல, அவருக்குப் பொழுதுபோகுமாம். நான்தான் சொன்னேன்."

"இதுல ராணி ஏதுங்க?"

"அதுங்களே வளர்த்துக்கும். படிச்சேன். முட்டை இருந்தா போதும்."

"அந்தம்மா அவ்வளவு சொன்னாங்களே. பொண்ணு வந்தா ஆகாதுன்னு."

"அவங்க ராணி விக்கிறவங்க. வேற எப்படிச் சொல்லுவாங்க? அம்மா நல்லவளா இருந்தா பொண்ணும் நல்லவளாத்தான் இருப்பா."

"ஒரு ராணி வாங்கி வச்சுட்டுக் குடுங்க. நானே வச்சுத் தரேன்."

"சரி, பாக்கலாம்," என்றான். பார்க்கவில்லை. சில வாரங்கள் கழித்து அவள் அந்தப் பெட்டியைத் திறந்தாள். அடையின் நடுவில் புது ராணி நடந்துகொண்டிருந்தாள். நீண்ட, கருத்த உடம்பு. முதுகில் புள்ளி இல்லை. எடுத்துவிடலாமா என்று விரலை நீட்டினாள். அதற்குப் பதிலாக வைக்கக் கையில் வேறு ராணி இல்லை. ராணி இல்லாத பெட்டி அழிந்துபோகும். அன்று மாலை மறுபடி சொன்னாள். மறுநாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டி மேனேஜர் வீட்டுக்குப் போய்விட்டது.

அதன்பின் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே அவன் முகம் மாறியது. "குடுத்த பொருள் சரியில்லன்னு மேனேஜர்கிட்ட போயி சொல்லச் சொல்றியா? நல்லா இருக்கு நீ சொல்றது." பெட்டி சாதுவாகத்தான் இருந்தது. மேனேஜரின் வயதான அப்பா அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாராம். ஈக்கள் அவர் கையில் வந்து உட்காருகின்றனவாம். இதையெல்லாம் அவன் சாப்பாட்டு வேளையில் ஒன்று விடாமல் சொன்னான்.

அவள் மனதுக்குள் வாரங்களைக் கணக்கிட்டாள். இப்போது இருப்பது நீலப் புள்ளி ராணியின் பிள்ளைகள். அவை சில வாரங்களில் செத்துப்போகும். அதன்பின் பெட்டியில் இருக்கப்போவது முழுக்கப் புதியவளின் பிள்ளைகள்தான். பட்டறையில் மதிய இடைவேளையில், மேனேஜர் மனைவிக்கு அவளே போன் செய்தாள். விஷயத்தை விளக்கினாள். ராணியை மாற்றித் தருவதாகச் சொன்னாள். அதுவரை பெரியவரைப் பெட்டி பக்கம் உட்கார வைக்க வேண்டாம் என்றாள்.

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "உங்க வீட்டுக்காரர் முன்னாடியே சொல்லிட்டாரு, நீங்க எதுக்கெடுத்தாலும் பயப்படுவீங்கன்னு. மாமா அதுங்ககூட எவ்வளவு சந்தோஷமா இருக்கார் தெரியுமா? நீங்க கவலைப்படாதீங்க." போனை வைத்துவிட்டு அவள் மெழுகை மறுபடி உருக்கினாள். அன்று ஒரு கீழ்த்தாடைப் பல்செட்டை இரண்டு முறை கலைத்துச் செய்ய வேண்டியிருந்தது.

வெயில் ஏறிய ஒரு நாள் அது நடந்தது. பெரியவர் வழக்கம்போல நாற்காலியில் இருந்தார். தோட்டக்காரர் கொஞ்ச தூரத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டினார். ஈக்கள் மொத்தமாக வெளியே வந்தன. தோட்டக்காரர் ஓடிவிட்டார். பெரியவரால் ஓட முடியாது. அவருக்கு எழுந்து நிற்கவே ஊன்றுகோல் வேண்டும். வீட்டில் இருந்தவர்கள் போர்வையை எடுத்துவந்து அவர்மேல் போர்த்தி உள்ளே இழுப்பதற்குள் முகமும் கழுத்தும் இடம் இல்லாமல் கொட்டு வாங்கியிருந்தன.

செய்தி கேட்டு அவளும் கணவனும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரியவரின் கண்கள் வீங்கி மூடிக்கிடந்தன. யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

"என்னை அதுங்களுக்கு அடையாளம் தெரியும்னு நெனச்சேம்மா," என்றார். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. "தினமும் பேசுவேன். என்ன தப்பு பண்ணேன்னு தெரியல."

நீங்கள் பேசிய ஈக்கள் எல்லாம் செத்துப்போய்விட்டன, இவை வேறு என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். கணவன் முந்திக்கொண்டான். "இயற்கைங்க ஐயா. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்."

பெட்டியை அழிக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். மறுநாள் மாலை இருவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். முகவலையும் கையுறையும் அவள் மடியில் இருந்தன. மேனேஜர் அவர்களைக் கூடத்தில் உட்கார வைத்தார். கோபப்படவில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டார். "இப்படி ஆகும்னு முன்னாடி தெரியாதா?"

கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "சார், உண்மையைச் சொன்னா, பெட்டி விஷயம் எல்லாம் இவதான் பாக்கறா. ராணி தேர்ந்தெடுக்கிறது, வளர்க்கிறது எல்லாம் இவ பொறுப்பு. நான் ஆபீஸ், வீடுன்னு இருக்கிறவன். எனக்கு இதுல என்ன தெரியும் சார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிர் சோபாவில் மேனேஜர் மனைவி உட்கார்ந்திருந்தாள். போனில் இவள் சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். இவள் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். மேனேஜர் மனைவி புடவைத் தலைப்பில் எதையோ தட்டிவிட்டாள். பிறகு எழுந்து, "டீ ஆறிடும், எடுத்துக்குங்க," என்றாள்.

"நான் உங்களுக்கு போன் பண்ணேனே," என்றாள் அவள்.

"ஏதோ சொன்னீங்க. தேன் எடுக்கிறதைப் பத்தின்னு நெனச்சேன்," என்றாள் மேனேஜர் மனைவி. உள்ளே போய்விட்டாள்.

அதற்குமேல் யாரோடு வாதாடுவது? முகவலையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பொழுது சாய்ந்து ஈக்கள் எல்லாம் உள்ளே அடங்கியிருந்தன. வாசலை அடைத்து, மூடியைத் திறந்து, வாளியில் கரைத்திருந்த சோப்புத் தண்ணீரை ஊற்றினாள். இரைச்சல் ஓங்கி எழுந்து தணிந்தது. கூடத்துக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மூவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன் கையில் டீ இருந்தது. அவள் கையுறையைக் கழற்றி, ஊறிப்போன அடைகளில் ராணியைத் தேடி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அதன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் வரவில்லை.

காரில் திரும்பும்போது கேட்டாள். "நான் போன் பண்ணது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னிக்கே அவங்க சொன்னாங்க."

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க?"

"இங்க பாரு, நான் தினமும் அந்த மனுஷன் முகத்துல முழிக்கணும். உனக்கு அங்க என்ன இருக்கு? நாலு நாள்ல மறந்துடுவாங்க." சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "வீட்டுக்காகத்தானே சொன்னேன்."

யாரும் மறக்கவில்லை. பெரியவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆனால் தோட்டத்துக்கு வருவதில்லை. அவர் அறை ஜன்னலைக்கூடச் சாத்தியே வைத்திருக்கிறார்களாம். கம்பெனிக் குடும்பங்கள் கூடும் இடங்களில் அவள் வந்தால் பேச்சு ஒரு நொடி நிற்கும். "இவங்கதான்," என்று யாராவது முணுமுணுப்பார்கள். கணவனுக்கு வேறு கிளையில் மேனேஜர் பதவி கிடைத்தது. அதற்கு நல்ல வார்த்தை சொன்னவர் பழைய மேனேஜர்.

வீட்டில் மிச்சமிருந்த இரண்டு பெட்டிகளையும் அவள் ராணிக்கார அம்மாவின் தோட்டத்துக்கு மாற்றினாள். விடுமுறை நாட்களில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கணவன் வருகிறவர்களிடம், "பாவம், அதுக்கப்புறம் ரொம்ப பயந்துட்டா, எல்லாத்தையும் விட்டுட்டா," என்று சொன்னான். அவள் அதை மறுக்கவில்லை. 'கிளை மேனேஜர்' என்று தன் பெயரோடு எழுதிய புதுப் பலகையைத் துடைத்து வீட்டு வாசலில் மாட்டச் சொன்னான். மாட்டினாள். சாப்பாடு போட்டாள், சட்டை தேய்த்துக் கொடுத்தாள். பட்டறையில் நடப்பதையோ, தனக்குத் தலை வலிப்பதையோ, நெஞ்சில் என்ன ஓடுகிறது என்பதையோ மட்டும் அவனிடம் சொல்வதை விட்டுவிட்டாள். அவன் இன்னும் அதைக் கவனிக்கவில்லை.