எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க

"டீச்சர், ஜீப்பு வந்துகினு கீது!" என்று வாசலில் நின்ற துலுக்கானம் கத்தியதும் ஜெயகுமாரி டீச்சர் அவசரமாகச் சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். மண்ணூர்பேட்டைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பின் இங்கிலீஷைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார். தான் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லும்படி, ஆண்டு முழுக்கத் தொண்டை கிழியக் கத்திப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தாள். கடைசி பெஞ்சுக் கன்னியம்மா மட்டும் வாயே திறக்கமாட்டாள். "சனியனே, இன்னிக்கும் என் மானத்த வாங்காதே. தலையக் குனிஞ்சிக்கினு உக்காரு" என்று காலையிலேயே அந்தப் பெண்ணின் காதைத் திருகியிருந்தாள்.

உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "ஓப்பன் தி விண்டோ" என்றார்.

"ஓப்பன் தி விண்டோ!" கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வகுப்பே கத்தியது.

அவர் முகம் சுளித்தார். "நோ, நோ. ஓப்பன் தி விண்டோ."

"நோ, நோ. ஓப்பன் தி விண்டோ!"

டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது. அப்போதுதான் கன்னியம்மா எழுந்தாள். டீச்சர் கண்ணாலேயே மிரட்டியும் நிற்காமல் போய், துருப்பிடித்த கொக்கியைத் தட்டி ஜன்னலைத் திறந்துவிட்டு, பேசாமல் வந்து உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "இத்தனை பேர்ல இவளுக்குத்தான் அர்த்தம் புரிஞ்சிருக்கு. இந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று தமிழில் கேட்டார்.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள், ஆண்டு முழுக்க அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கிய பெயரை வகுப்பே ஒரே குரலில் சொன்னது:

"ஊமச்சி, சார்!"