நொட்டை மாமாவுக்குக் கண் பரிசோதனை

அந்த முதியோர் இல்லத்தில் நொட்டை மாமாவுக்குத் திடீரென்று கண் பரிசோதனை ஏற்பாடானது. அவர் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. கோளாறெல்லாம் வாயில்தான்.

ஏற்பாடு செய்தவர் மேட்ரனம்மா. முந்தின நாள் பிரார்த்தனையில், "ஆண்டவனே, இது பொய் இல்லை, ஒரு சின்ன ஏற்பாடு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஆண்டவன் பதில் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மேட்ரனம்மாவின் வழக்கம்.

அவர் தவிப்புக்குக் காரணம் இருந்தது. பரிசோதனை நாளன்றுதான் அரசாங்க மதிப்பீட்டாளர் இல்லத்தைப் பார்க்க வருகிறார். போன முறை மதிப்பீட்டுக்கு வந்தவர்கள், கூரை ஒழுகுகிறது, சமையலறையில் வெளிச்சம் போதாது என்று கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கூரையும் விளக்கும் இப்போது சரியாகிவிட்டன. ஆனால் இந்த முறையும் தேறாவிட்டால் இல்லத்தை இழுத்து மூடவேண்டியதுதான். ஒரே மேசையில் சாப்பிட்டுச் சாப்பிட்டு உறவாகிப்போன கிழங்கள் ஆளுக்கொரு திக்காகப் போகவேண்டும்.

இந்த நேரத்தில் நொட்டை மாமாவை மதிப்பீட்டாளர் முன்னால் நிறுத்துவது, வைக்கோல் போருக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டுகிற வேலை. அவர் ஒரு பாத்திரத் தொழிற்சாலையில், ஒடுக்கு விழுந்த பாத்திரங்களைப் பார்த்துக் கழித்துப் போடும் வேலையில் இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்; கழிப்பதிலிருந்து ஓய்வு பெறவில்லை. தலையணை, சாம்பார், சூரிய வெளிச்சம் எதுவும் அவரிடம் தேறியதில்லை.

காலையில் வேனில் ஏற மறுத்தார்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

"அதை டாக்டர் சொல்லட்டும்ணே."

"சுவத்துல பல்லி இருக்கிறது தெரியுது. நீ தூங்காம முழிச்சிருந்தது தெரியுது. கோட்டுப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கே, அதுவும் தெரியுது. இன்னும் என்ன தெரியணும்?"

"ஏறுங்கண்ணே, நேரமாகுது" என்று மேட்ரனம்மா பொத்தானைச் சரி செய்தபடியே அவரை ஏற்றிவிட்டார். டிரைவரின் காதில், "ஆஸ்பத்திரியில் முடிஞ்சாலும் உடனே வந்துடாதப்பா, ஊரைச் சுத்தி மெதுவா வா" என்றார்.

வேன் தெருமுனை திரும்பியது. மேட்ரனம்மா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். பெரிய கண்டம் தாண்டியாயிற்று என்று நினைத்தார்.

உள்ளே வேறு கண்டம் தயாராகிக்கொண்டிருந்தது.

"வர்றவங்ககிட்ட நல்லபடியா பேசுங்க" என்று மட்டும்தான் அவர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அதைக் கணக்கு வாத்தியார் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். பள்ளிக்கூடத்தை விட்டு வெகு காலம் ஆனாலும், நாலு பேரைச் சேர்ந்தாற்போலப் பார்த்தால் அவருக்கு வகுப்பு நடத்தத் தோன்றும். எல்லாரையும் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து ஒரு வாக்கியத்தை ஒப்பிக்கச் செய்திருந்தார். வீடு நம்முடையது, அதைக் காப்பாற்றவேண்டியதும் நாம்தான் என்று அவர்களுக்கும் ஒரே உற்சாகம். துப்புரவு செய்பவரும் தன் பங்குக்கு ஒரு பாட்டில் பினாயிலை முழுசாகக் கவிழ்த்திருந்தார்.

மதிப்பீட்டாளர் நெட்டையான ஒரு பெண். வாசலில் நின்று முதலில் மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"பினாயில் கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

"சுத்தம், மேடம்" என்றார் மேட்ரனம்மா.

"சுத்தத்துக்கு வாசனை கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

கூடத்தில் அவர் கால் வைத்ததும் கணக்கு வாத்தியார் இருமினார். அதுதான் அடையாளம். சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் தவிர அத்தனை பேரும் தள்ளாடிக்கொண்டு எழுந்தார்கள்.

"வணக்கம் அம்மா! எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை!"

மதிப்பீட்டாளரின் புருவம் உயர்ந்தது.

முன்வரிசையில் தையலம்மா இருந்தார். ஒரு காலத்தில் ஊருக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்தவர், வெள்ளை மனசு. மதிப்பீட்டாளர் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்பாடெல்லாம் எப்படிம்மா?"

"ஒரு குறையும் இல்லை."

"நல்லா தூங்குறீங்களா?"

"ஒரு குறையும் இல்லை."

"இப்ப மணி என்ன இருக்கும்?"

"ஒரு குறையும் இல்லை" என்ற தையலம்மா, திரும்பி, "வாத்தியாரே, இன்னும் எத்தனை தரம் சொல்லணும்?" என்று கேட்டார். கணக்கு வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். காரியம் கெட்டுவிட்டது போலிருக்கிறதே என்று பதறிய தையலம்மா, மதிப்பீட்டாளரின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. குறை சொன்னா எங்க கதி என்னாகும்னு எங்களுக்குத் தெரியும்."

மதிப்பீட்டாளர் மெல்லத் திரும்பி மேட்ரனம்மாவைப் பார்த்தார். அப்பாவி ஜனங்களை அடித்து மிரட்டுகிறவளை ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

அடுத்தது ஆண்கள் அறை. அங்கே எழுந்திருக்க முடியாமல் படுத்த படுக்கையாக இருப்பவர் தபால்காரர். அவர் கட்டிலுக்கு அடுத்த கட்டில் காலி. அடியில் வீட்டுக்குள் போடுகிற ஒரு ஜோடி செருப்பு. தலைமாட்டில் மடித்த ஒரு துண்டு.

"இது யாருடைய கட்டில்?"

"காலிக் கட்டில்" என்று பின்னாலேயே வந்த கணக்கு வாத்தியார் முந்திக்கொண்டார்.

"காலிக் கட்டில் செருப்புப் போட்டுக்குமா?"

"இந்த ஆளை எங்கே அனுப்பினீங்க?" என்று மதிப்பீட்டாளர் மேட்ரனம்மாவைக் கேட்டார். குரல் கறாராகிவிட்டது. மேட்ரனம்மா மனசுக்குள், 'ஆண்டவனே, நீ பேசாமல் இருந்தது சம்மதம் இல்லையா?' என்று அழாத குறையாகக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் சத்தம். அதைவிடப் பெரிதாக ஒரு குரல்.

"அவனெல்லாம் ஒரு டாக்டரா? கண்ணு ரெண்டும் பழுதில்லையாம்! ஒரு சின்னக் குறைகூடக் கண்டுபிடிக்கத் தெரியலை, இவனுக்கு எதுக்கு வெள்ளைக் கோட்டு?" நொட்டை மாமா அறைக்குள் வந்தே விட்டார். பின்னால் டிரைவர், "என்னால ஆகலைம்மா, வேனைத் திருப்பச் சொல்லி ஒரே ரகளை" என்று கையை விரித்தார்.

நொட்டை மாமா மதிப்பீட்டாளரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் குறை கேக்க வந்தவங்களா? இத்தனை நாள் எங்கே போயிருந்தீங்க? உக்காருங்க."

மதிப்பீட்டாளர் உட்கார்ந்தார். மேட்ரனம்மா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"முதல்ல இந்த ராத்திரி டியூட்டிப் பொண்ணு. தபால்காரரைத் திருப்பிப் படுக்கவைக்க வந்து வந்து போவா. லைட்டைப் போட்டா நாங்க முழிச்சுக்குவோமாம், டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு வருவா. இருட்டுல என் கட்டில்ல இடிச்சுக்குவா. இடிச்சவ பேசாம போகலாம்ல? 'மன்னிச்சுக்கங்கப்பா'ன்னு சொல்லி, தூங்கறவனை எழுப்பி விட்டுட்டுப் போவா!"

மதிப்பீட்டாளர் எழுந்து, தபால்காரரிடம் அனுமதி கேட்டு, அவர் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பார்த்தார். வருஷக்கணக்கில் படுத்திருந்த உடம்பில் புண் இல்லை. சிவந்த இடம்கூட இல்லை.

"அப்புறம்?" என்றார். குரலில் கறார் குறைந்திருந்தது.

"குளிக்கவைக்கும்போது வெந்நீரை முழங்கையில ஊத்திப் பாத்துட்டுத்தான் என் மேல ஊத்துறாங்க. நான் என்ன கைக்குழந்தையா? சாயங்கால டீயில சர்க்கரை கிடையாது. வியாதியாம். பாவமேன்னு ஒரு பிஸ்கட்டு, அதுவும் இந்த மேட்ரன் பங்குல இருந்து, பாதியா உடைச்சு. முழுசாக் குடுத்தா ஆகாதாம். மணி அடிச்சா அடுத்த நிமிஷம் வந்து நிக்கிறாங்க. ஒரு தரமாவது லேட்டா வந்தா நாலு வார்த்தை கேக்கலாம்னு பாக்கிறேன், குடுத்துவைக்கலை!"

மதிப்பீட்டாளர் தலைமாட்டு மணியை அழுத்தினார். கை நிறைய சோப்பு நுரையோடு ஒரு பணிப்பெண் ஓடிவந்து, "யாருக்கு என்னாச்சு?" என்றாள்.

"பாத்தீங்களா? இப்படித்தான்" என்றார் நொட்டை மாமா, வெறுத்துப்போய். பிறகு குரல் சற்று இறங்கியது. "என் வீட்டுக்காரி போன நாள் வந்தா, இந்த மேட்ரன் என் பக்கத்துல வந்து உக்காந்துக்கும். ஒரு வார்த்தை பேசாது. ஆறுதலா நாலு சொல்லு சொன்னா என்னவாம்? நான் அழுது முடிக்கிற வரைக்கும் சும்மாவே உக்காந்திருக்கும்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "குளியலறைக் கைப்பிடி ஆடுது. அதையும் எழுதிக்கங்க."

மதிப்பீட்டாளர் போய் அசைத்துப் பார்த்தார். கைப்பிடி நிஜமாகவே ஆடியது.

திரும்பி வந்தபோது மேட்ரனம்மாவுக்கு மறைக்க ஒன்றும் மிச்சம் இல்லை. "மேடம், இவர் கண்ணுல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட வாயைத் திறந்துடுவாரேன்னுதான் வேன்ல ஏத்தினேன். மத்தவங்களை நான் மிரட்டலை. வீடு போயிடுமேன்னு அவங்களே பயந்துட்டாங்க. ஆனா இவரை அனுப்பினது என் தப்பு. தண்டனைன்னா எனக்குக் குடுங்க. இவங்களைப் பிரிச்சுடாதீங்க."

மதிப்பீட்டாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குறையே இல்லாத வீடு நிறைய பாத்திருக்கேங்க. அங்கெல்லாம்தான் எனக்குச் சந்தேகம் வரும். என்ன திட்டினாலும் மறுநாள் வெந்நீரை முழங்கையில பாத்துத்தான் ஊத்துவாங்கன்னு நம்பிக்கை இருக்கிற மனுஷன்தான் இப்படித் திட்டுவார். வீடு தேறிடுச்சு. கைப்பிடியை இன்னைக்கே சரி பண்ணுங்க. அந்தப் பினாயிலை ஒளிச்சு வைங்க. இனிமே இவரை எங்கேயும் அனுப்பாதீங்க."

கூடத்துக்குத் திரும்பியதும் கணக்கு வாத்தியார் சந்தோஷத்தில் இருமிவிட்டார். "எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை!" என்று எல்லாரும் தங்களையறியாமல் முழங்கினார்கள்.

நொட்டை மாமா ஒருவர்தான் கொதித்துப்போனார். "நான் இவ்வளவு குறை சொல்லியும் தேறிடுச்சா? அந்தம்மாவுக்குக் காது கேக்கலை. அதிகாரியாம் அதிகாரி! அவங்க மேல யார்கிட்ட புகார் குடுக்கணும்?"

சாயங்காலம் கைப்பிடியை இறுக்கியாயிற்று. மேட்ரனம்மா டீயை அவர் முன்னால் வைத்தார். "என்னை மன்னிச்சுடுங்கண்ணே" என்று சொல்லி, தட்டில் ஒரு முழு பிஸ்கட்டை வைத்தார். காலையில் கேட்ட கேள்விக்கு ஆண்டவன் வேன் பிடித்து வந்து பதில் சொல்லியிருக்கிறான் என்று அவர் கண் கலங்கியிருந்தது.

நொட்டை மாமா பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாத்திரத்தில் ஒடுக்குத் தேடுகிற அதே பார்வை. பிறகு அதைச் சரிபாதியாக உடைத்து, ஒரு பாதியை மேட்ரனம்மாவின் பக்கம் தள்ளினார்.

"நமுத்துப்போச்சு" என்றார். "நீயும் தின்னு பாரு."