கதவைப் பிடித்தவள்

கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது வகுப்பு டீச்சரிடமிருந்து போன் வந்தது. எட்டாவது படிக்கும் மகளைப் பற்றி என்றதும் அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். தன் பெண்ணை யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். இத்தனை வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான்.

விஷயம் நேர்மாறாக இருந்தது. திக்கிப் பேசும் ஒரு மாணவியை முந்தின நாள் மூன்று பேர் விளையாட்டுச் சாமான் அறைக்குள் தள்ளி, ஒரு பீரியட் முழுக்கக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். பிடிபட்டது இவள் மகள் மட்டும். மற்ற இருவர் யாரென்று வாயே திறக்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் மகளை எதிரே உட்காரவைத்துக் கேட்டாள்.

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா. கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான்." சொல்லும்போதே மகளுக்கு அசட்டுத்தனமாக ஒரு சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பைத் தாய் முன்பே கேட்டிருக்கிறாள். பன்னிரண்டு வயதில், ஒட்டடைக்குச்சி என்று அவளைக் கூப்பிடும் கூட்டம் பள்ளிக் கழிப்பறைக்குள் அவளைத் தள்ளி வெளியே தாழ் போட்டது. தலைவியின் முகம்கூட இப்போது மறந்துவிட்டது. கூட்டத்தோடு ஒட்டிக்கொள்வதற்காக வெளியே நின்று சிரித்த ஒருத்தியின் குரல் மட்டும் போகவே இல்லை. பஸ்ஸில் யாராவது அப்படிச் சிரித்தால் இன்றும் உடம்பு சில்லிட்டுப்போகும். இப்போது அந்தச் சிரிப்பு அவள் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

கணவனிடம்கூடச் சொல்லாததை மகளிடம் சொன்னாள். மகள் அழுதாள். அன்று சாயங்காலமே இருவரும் அறைக்குள் அடைபட்ட அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள்.

கழுத்தில் அளவு டேப்போடு அவளுடைய அப்பா வந்து கதவைத் திறந்தார், தையல்காரர். உள்ளே கூப்பிடவில்லை. நேற்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்று மட்டும் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள் அந்தப் பெண். மகள் மனப்பாடம் செய்ததுபோல மன்னிப்புக் கேட்டாள். அது அந்தப் பெண்ணின் காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

"நீ வெளிய இருக்கேன்னு தெ... தெரியும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேனே. ஏன் தி... திறக்கல?"

மகள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "திறந்தா அடுத்து என்னைத்தான் உள்ள போடுவாங்கன்னு பயந்தேன்."

அந்தப் பெண் மெல்லத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மகள் மற்ற இருவர் யாரென்று டீச்சரிடம் சொன்னாள். அவள் பயந்தபடியே நடந்தது. கோள்மூட்டி என்று பேர் வைத்தார்கள். சாப்பாட்டு டப்பா குப்பைத்தொட்டியில் கிடந்தது. தாய் நாலு தடவை தலைமை ஆசிரியையின் அறையில் போய் உட்கார்ந்து, அவர்களை வேறு வகுப்புக்கு மாற்றும்வரை எழுந்திருக்கவில்லை.

இருந்தும் பழையபடி மகளைக் கட்டிக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. அடுத்த அறையில் மகள் சிரித்தால், இது எந்தச் சிரிப்பு என்று காது கூர்மையாகிவிடும். அதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் பள்ளி விட்டு வந்த மகள் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு அந்தத் தையல்காரர் பொண்ணு எனக்கு முன் பெஞ்சுல உட்கார்ந்தாம்மா. திரும்பிப் பார்க்கல."

"நீ பேசினியா?"

"இல்ல. அவளாப் பேசினா பேசட்டும்."

தாய் சீப்பை எடுத்துவந்து, மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கலைந்திருந்த தலையை வார ஆரம்பித்தாள்.