மூணாம் நம்பரின் நூற்று நாற்பத்து நான்கு தப்புகள்

மாட்டுத் தீவனம் மூட்டை கட்டுகிற கம்பெனி எங்களுடையது. மொத்தம் நான்கு மெஷின். மெஷின் சாக்கை நிரப்பும், எடை பார்க்கும், பெல்ட்டில் தள்ளிவிடும். பெல்ட்டின் கடைசியில் ஒரு பெண் நின்று சாக்கின் வாயைத் தைப்பாள். எட்டு வருஷம் அந்தப் பெண் நான்தான். எட்டு வருஷமும் தும்மினால் தவிடுதான் வரும்.

மூன்றாவது மெஷினை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அதற்கு முன்னால் அவர் லோடிங்கில் இருந்தார். ஐம்பது கிலோ மூட்டையைப் பதினோரு வருஷம் முதுகில் ஏற்றி லாரியில் அடுக்கியதில் இடுப்பு எலும்பு இரண்டு தேய்ந்துவிட்டது. டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு மூட்டை தூக்கினா அப்புறம் உன்னைத்தான் தூக்கணும்" என்றார். மூன்றாவது மெஷின் காலியானது எங்கள் நல்ல நேரம். அன்றிலிருந்து கம்பெனியில் எல்லாருக்கும் அவர் மூணாம் நம்பர்.

நான் தையலிலிருந்து ஆபீஸ் அறைக்கு ஏறியதற்கு மெஷின்களின் வாய்தான் காரணம். அவை வாய் ஓயாதவை. மூட்டை வந்தது, நிரம்பியது, போனது, கதவு திறந்தது, மூடியது என்று ஒவ்வொன்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதித் தள்ளும். நான்கும் சேர்ந்து நாளுக்கு நாற்பதாயிரம் வரி. மறுநாள் காலை சுவிட்சைப் போட்டதும் பழையதை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். மேனேஜர் ஒருநாள் அதைத் திறந்து பார்த்தார். கண்ணைக் கசக்கினார்.

"இதுல நல்லது எல்லாம் எனக்கு வேண்டாம். தப்பு மட்டும் பிரிச்சுக் குடுக்க யாராவது இருக்காங்களா?"

பள்ளிக்கூடம் முடித்ததும் நான் ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்தவள். படித்ததைப் பத்து வருஷம் யாரும் கேட்கவில்லை. கையைத் தூக்கினேன். கையில் தைக்கிற நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை, பன்னிரண்டு வரி. ஃபோல்டரில் இருக்கிற எல்லா டெக்ஸ்ட் ஃபைலையும் திற, 'எரர்' என்ற சொல் இருக்கிற வரியை மட்டும் பொறுக்கு, அழகாக அடுக்கி ஒரு லிஸ்டாக எழுதி வை. அவ்வளவுதான். காலை ஏழரைக்கு, மெஷின்கள் கிளம்பும் முன்னால், ஒரு தட்டுத் தட்டினால் முந்தின நாள் வண்டவாளம் வந்துவிடும்.

முதல் லிஸ்டைப் பார்த்த மேனேஜர் இரண்டு திருத்தம் சொன்னார்.

"இந்த மணி, நிமிஷம், செகண்ட் எல்லாம் எதுக்கும்மா? கண்ணைக் குத்துது. தூக்கிடு. எந்த மெஷின், என்ன தப்பு, போதும்."

தூக்கினேன்.

"அப்புறம் எரர்ங்கிறதை மட்டும் விட்டுடாதே. வரிக்கு வரி பெரிய எழுத்துல நிக்கணும். பார்த்த உடனே வயித்தைக் கலக்கணும்."

முதல் லிஸ்டை அழித்துவிட்டு, கலக்குகிற மாதிரி வைத்தேன். இரண்டு திருத்தமும் எனக்கே வினையாக வரும் என்று அப்போது தெரியாது.

திங்கட்கிழமை லிஸ்டில் மூன்றாவது மெஷினுக்கு ஒன்பது எரர். ஒன்பதும் 'பெல்ட் நழுவியது'. அது நியாயமான ஒன்பது. சனிக்கிழமை பெல்ட் கிழிந்து நழுவிக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலமே ரிப்பேர் பார்க்கிற பிட்டர் வந்து புது பெல்ட் மாட்டிவிட்டார். மேனேஜரும் போகட்டும் என்று விட்டார்.

செவ்வாய் ஒன்பது. புதன் பதினெட்டு.

"புது பெல்ட்டு இன்னும் பழகலை" என்றார் பிட்டர்.

வியாழன் முப்பத்தாறு. மேனேஜர் லிஸ்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கூடி நின்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்தார்கள்.

"மூணாம் நம்பர் நாட் அவுட்டு!"

"சம்சாரமே போட்டுக் குடுக்குது பாருய்யா. வீட்டுல என்ன சண்டையோ!"

தையல் பெண்கள் எனக்கு 'லிஸ்டு' என்று பேர் வைத்தார்கள். நான் கழிவறைக்குப் போனால்கூட, "லிஸ்டு வருது, ஒழுங்கா நில்லுங்கடி" என்று சத்தம் கேட்கும்.

வீட்டில் அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "ஏம்மா, அந்த முப்பத்தாறுல ஒரு இருபத்தஞ்சை எடுத்துடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"நான் எழுதறதா அது? மெஷின் எழுதறது. லிஸ்டு பொய் சொல்லாதுங்க."

"நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். பெல்ட்டு நழுவவே இல்லை."

"பார்த்துக்கிட்டே இருந்தா முப்பத்தாறு எப்படி வரும்? கண்ணைத் திறந்துகிட்டே தூங்கறீங்களோ என்னமோ."

சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை எழுபத்திரண்டு. மேனேஜர் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டு, எங்கே கோளாறு என்று தான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு லிஸ்டுல இது குறையலைன்னா திங்கட்கிழமை நீ லோடிங்குக்குப் போயிடு. மூணாவதுக்கு வேற ஆள் பார்த்தாச்சு."

"சார், இடுப்பு…"

"இடுப்பை நான் என்னய்யா பண்றது? எழுபத்திரண்டு தப்பு!"

அன்று முழுக்க அவர் மெஷின் பக்கத்திலிருந்து நகரவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. பெல்ட் நழுவினால் கோடு போட என்று ஒரு சாக்பீஸ் வைத்திருந்தார். சாயங்காலம் தரையில் ஒரு கோடும் இல்லை. பெரிய தைரியத்தோடு வீட்டுக்கு வந்தார்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குத் தட்டினேன்.

நூற்று நாற்பத்து நான்கு.

திங்கட்கிழமை மூட்டை. அதற்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. கையிலிருந்த பென்சிலால் ஆறு நாள் எண்களையும் வரிசையாக எழுதினேன். ஒன்பது, ஒன்பது, பதினெட்டு, முப்பத்தாறு, எழுபத்திரண்டு, நூற்று நாற்பத்து நான்கு.

செவ்வாயிலிருந்து துல்லியமாக இரட்டை. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

இந்த மனுஷனுக்கும் துல்லியத்துக்கும் ஏழாம் பொருத்தம். சட்டைப் பட்டனை மேலே ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றி வருகிறவர். அரைக் கிலோ வாங்கி வரச் சொன்னால் ஒன்றேகால் கிலோவோடு வருவார். அவர் தப்பு செய்வார், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்படிக் கணக்குப் பார்த்து, தினமும் நேற்றைப் போல் இரண்டு பங்கு என்று, அந்த ஆளால் தப்பு செய்யவே முடியாது.

ஃபோல்டரைத் திறந்தேன். மெஷின்களின் ஃபைல் நான்கு இருந்தது. அவற்றோடு தோளோடு தோளாக என்னுடைய லிஸ்டு ஆறு இருந்தது. அதுவும் டெக்ஸ்ட் ஃபைல்தான்.

எல்லா டெக்ஸ்ட் ஃபைலையும் திற என்று சொன்னவள் நான். லிஸ்டை அதே ஃபோல்டரில் எழுதி வை என்று சொன்னவளும் நான். ஸ்கிரிப்ட் பாவம், சொன்னபடி கேட்டது. தினமும் காலையில் நேற்றைய லிஸ்டு, முந்தாநாள் லிஸ்டு எல்லாவற்றையும் திறந்து, அதில் பெரிய எழுத்தில் நின்ற எரர்களைப் புதுசு என்று பொறுக்கி, மறுபடி எழுதியது. மணியும் நிமிஷமும் இருந்திருந்தால் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று எந்தக் குழந்தையும் சொல்லியிருக்கும். அதைத்தான் தூக்கிவிட்டேனே. மற்ற மெஷின்களின் கணக்கும் இப்படித்தான் ஏறியிருந்தது. ஆனால் அவை எட்டிலும் நாலிலும் நின்றதால் யாரும் கவனிக்கவில்லை. சனிக்கிழமை கிழிந்த ஒரு பெல்ட், ஒரு வாரமாக என் ஃபோல்டருக்குள் கிழிந்துகொண்டே இருந்திருக்கிறது.

நேர்மையாகச் சொல்கிறேன், முதலில் வந்த யோசனை மூடி மறைப்பதுதான். பழைய லிஸ்டுகளை வேறு ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டு மறுபடி தட்டினால் மூன்றாவது மெஷினுக்குப் பூஜ்யம் வரும். மேனேஜர் மிரட்டியதில் என் வீட்டுக்காரர் திருந்திவிட்டார் என்று எல்லாரும் நினைப்பார்கள். அவருக்கும் மெஷின் மிஞ்சும், எனக்கும் நாற்காலி மிஞ்சும். மவுஸில் கை வைத்துவிட்டேன்.

அதற்குள் மேனேஜர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"நூத்தி நாப்பத்தி நாலா! கூப்பிடு எல்லாரையும்."

மெஷின் ஓட்டுகிற நான்கு பேர், பிட்டர், தையல் பெண்கள் எல்லாரும் அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றார்.

"சார், தப்பு அவரோடது இல்லை. என்னோடது" என்றேன்.

"புருஷனைக் காப்பாத்தறியா? நல்ல பொண்ணு. ஆனா இதுல நீ பேசாதே."

"மெஷின் ஏதாவது இப்ப ஓடுதா சார்?"

"எட்டு மணிக்குத்தானே ஓடும்."

"நாலும் நிக்குது. பார்த்துக்கோங்க." ஸ்கிரிப்டைத் தட்டினேன். திரையில் மூன்றாவது மெஷினுக்கு இருநூற்று எண்பத்தெட்டு என்று வந்தது.

பிட்டர் ஜன்னல் வழியாக எட்டி, மெஷின் நிஜமாகவே நிற்கிறதா என்று பார்த்தார். மறுபடி தட்டினேன். ஐநூற்று எழுபத்தாறு.

"இன்னொரு தட்டு தட்டுக்கா!" என்றாள் தையல் பெண் ஒருத்தி.

ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு. பின்னாலிருந்து விசில் வந்தது.

"போதும், போதும்! நிறுத்து!" மேனேஜர் கையை நீட்டினார். "கம்பெனியை இழுத்து மூடிடுவே போலிருக்கே."

லிஸ்டு லிஸ்டையே தின்று பெருத்த கதையை விளக்கினேன். அவருக்குப் பாதி புரிந்தது. முகம் கறுத்ததைப் பார்த்தால் எந்தப் பாதி என்று தெரிந்தது. தலைமை ஆபீசுக்குப் போன் போட்ட பாதி.

"அதெல்லாம் சரி. நீ சொல்றபடியே இருக்கட்டும்." டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "ஆளே நேத்து ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திருக்காரே, இதுக்கு என்ன சொல்றே?"

தாளை வாங்கிப் பார்த்தேன். அவருடைய கோழிக் கிறுக்கல்தான். 'எழுபத்திரண்டு முறை கவனக்குறைவாக இருந்துவிட்டேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை. எப்போது செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மன்னிக்கவும்.'

கம்பெனியில் எல்லாரும் பார்க்க, கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத ஒரு சொல் என் வாயிலிருந்து வந்தது.

"யோவ்! செய்யாததை எதுக்குய்யா எழுதிக் குடுத்தே?"

"நீதானே சொன்னே, லிஸ்டு பொய் சொல்லாதுன்னு" என்றார் அவர். "கண்ணு நல்லாத்தானே தெரியுதுன்னு நானும் பார்த்தேன். நழுவலை. ஆனா நீ சொன்னா சரியாத்தானே இருக்கும். எனக்குத்தான் மூளை ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. விசில் அடித்தவன்கூட.

நான் அந்தத் தாளை நாலாகக் கிழித்தேன்.

"ஏய், அது ஆபீஸ் ரிக்கார்டு!"

"வேற எழுதித் தர்றேன் சார். என் பேர்ல." ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, தப்பு என்னுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அதைக் கையில் வாங்கியதும் மேனேஜரின் முகம் கொஞ்சம் தெளிந்தது. தலைமை ஆபீசுக்குக் காட்ட ஏதோ ஒரு தாள் வேண்டும் அவருக்கு. யார் பேர் என்பது அப்புறம்.

படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "ஒரு தப்புன்னு போட்டிருக்கே? நூத்தி நாப்பத்தி நாலுன்னு போடு. இத்தனை நாள் இவ்வளவு பேசினோம், ஒண்ணேஒண்ணுன்னா மேல இருக்கிறவங்க என்னைக் காறித் துப்ப மாட்டாங்களா?"

"ஒண்ணுதான் சார் பண்ணினேன்."

"ஒரு ரெண்டு மூணாவது போடேன்."

"ஒண்ணுதான்."

அவர் பெருமூச்சு விட்டு, தாளை டிராயரில் போட்டார். "சரி. மூணாம் நம்பர் மூணுலயே நிக்கட்டும். நீ லிஸ்டை ஒழுங்கா சரி பண்ணிட்டு, ஒரு மாசம் தையலுக்குப் போ. காலையில அரை மணி நேரம் லிஸ்டு, மீதி நேரம் ஊசி. அப்பத்தான் புத்தி வரும்."

எட்டு மணி சங்கு ஊதியது. லிஸ்டுகளுக்குத் தனி ஃபோல்டர் போட்டு, மணி நிமிஷத்தையும் திருப்பி வைத்துவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். நின்றே பிழைத்த கால்தான், இரண்டு வாரத்தில் மறந்துபோயிருந்தது. தையலில் மூன்றாவது பெல்ட்டில்தான் ஆள் குறைவு. அங்கேயே நின்றேன்.

முதல் மூட்டை வாய் கோணலாக வந்தது. இரண்டாவதும்.

"என்னங்க சாக்கு மாட்டறீங்க? வாயை நேரா வையுங்க!" என்று கத்தினேன்.

மெஷின் சத்தத்துக்கு மேலே அவரும் கத்தினார். "முதல்ல யோவ்னு சொன்னியே, அதுக்கு மன்னிப்புக் கேளு!"

"மூட்டையை நேரா அனுப்பு, கேட்கறேன்!"

மூன்றாவது மூட்டை இன்னும் கோணலாக வந்தது.