பெண்கள் முறை இன்னும் முடியவில்லை

வெள்ளிக்கிழமை காலைகளில் ரீக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அலுவலகத்துக்குள் நுழைந்ததும், தன் நாற்காலி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஹெல்சிங்கியில் நல்ல பெயரெடுத்த சர்கோலா சட்ட அலுவலகத்தில், எந்த முடிவும் அலுவலகத்தில் எடுக்கப்படுவதில்லை. வியாழன்தோறும் எட்டாம் மாடியில், சௌனா என்ற நீராவிக் குளியலறையில் எடுக்கப்படும். பெண்கள் முறை நாலு மணிக்கு. அதாவது, வேலை தலைக்கு மேல் இருக்கும், ஒரு பெண்ணும் எழுந்து போக முடியாத நேரம். ஆண்கள் முறை ஆறு மணிக்கு. பீர், சுட்ட சாஸேஜ், கடுகு விழுது, முடிவுகள். மறுநாள் காலை அந்த முடிவுகள் லிஃப்டில் இறங்கி வரும். "மேல பேசிட்டோம்" என்பார்கள். அதற்குமேல் அப்பீல் கிடையாது. கட்டடத்தில் அதற்குமேல் மாடியே கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை நாற்காலி இருந்தது. அதில் ரோப்பே உட்கார்ந்திருந்தான்.

ரோப்பே வேலைக்குச் சேர்ந்தபோது, ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தவன். முதல் பக்கம் எது என்று காட்டிக்கொடுத்தவள் ரீக்காதான்.

"ரீக்கா, பெல்கொனென் ஃபைலோட பாஸ்வேர்டு என்ன?"

"எதுக்கு?"

"இனிமே அத நான் பாக்கணுமாம்." அவன் முகத்தில் வெட்கம் மாதிரி ஏதோ ஒன்று வந்துவிட்டுப் போனது. "மேல பேசிட்டாங்க."

ரீக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே தபானி சர்கோலாவின் அறைக்குப் போனாள்.

தபானி அலுவலகத்தின் முதலாளி. அவர் மனசாட்சியைக் கேட்டால், அவரைப் போலப் பெண்களை மதிக்கிறவர் உலகத்தில் இல்லை என்று சொல்லும். மகளிர் தினத்தன்று ஒவ்வொரு மேஜையிலும் ரோஜா வைப்பார். முப்பத்தைந்து வயதுப் பெண் வக்கீல்களையும் "பொண்ணுங்களா" என்றுதான் கூப்பிடுவார். கூட்டத்தில் காபி தீர்ந்தால், அவர் பார்வை எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஒரு பெண்ணிடம் வந்து நிற்கும். இந்த ஊரில் முதலாளியையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் சமத்துவம் எப்போதோ வந்துவிட்டது என்பது அவர் கணக்கு.

"தபானி, அந்த ஃபாக்டரி விற்பனை ஃபைல் என்னோடது. வசந்த காலத்துலேர்ந்து நான்தான் பாக்கறேன்."

"யார் இல்லேன்னது? பிரமாதமான வேலைம்மா. அதனாலதான் ரோப்பேகிட்ட குடுத்தோம். தயாரா இருக்கற ஃபைல்ல அவன் கத்துக்கட்டுமே."

"அப்ப நான்?"

"உன்னப் பங்குதாரராக்கறது பத்தி வர்ற வியாழன் மேல பேசறோம். சத்தியமா." இது மூன்றாவது சத்தியம். "அப்புறம், வேலைய நமக்குக் குடுக்கறதான்னு முடிவு பண்ண வியாழக்கிழமை பெல்கொனெனே நேர்ல வர்றாரு. சௌனா சூடாகட்டும். அவங்க அப்பாவோட எத்தனை டீல் அங்க முடிச்சிருக்கேன் தெரியுமா? பையன் செப்போவும் அதே ரத்தம்தான்."

"செப்போ இல்ல. மிட்டாய் ஃபாக்டரி இப்ப அவர் அக்காவோட கையில. ரெண்டு தடவை சொல்லிட்டேன்."

"ஆமாமா," என்றார் தபானி, கைபேசியைப் பார்த்துக்கொண்டே. "செப்போவுக்கு எந்த பீர் பிடிக்கும்னு கொஞ்சம் விசாரி."

அன்று மத்தியானம் சைலா கூப்பிட்டாள். போன வருஷம் இதே அலுவலகத்தை விட்டுப் போனவள். யார் போனாலும் தபானி ஓர் ஆர்க்கிட் செடியைக் கையில் கொடுத்து, "குடும்பத்துக்காகப் போறாங்க, நாம மதிக்கணும்" என்று தழுதழுப்பார். சைலாவுக்கும் தழுதழுத்தார். சைலாவுக்குக் குடும்பம் என்று இருந்தது ஒரு பூனை.

"ரீக்கா, ஹாகனியெமியில பூக்கடைக்கு மேல சொந்த ஆபீசுக்கு இடம் பிடிச்சாச்சு. ரெண்டு மேஜை. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு உனக்கா, இல்ல ஒரு வரி ஆடிட்டருக்கா? அந்தாளு மூக்கால பாடுவான். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு, அவன் காத்திருக்கான்."

"வியாழக்கிழமை என் விஷயம் மேல பேசறாங்களாம்."

"என் விஷயம்கூடப் பேசினாங்க. நாலு வருஷம். அவ்வளவு நேரம் உள்ள இருந்தா உருளைக்கிழங்கே வெந்திருக்கும்."

ரீக்கா சிரித்தாள். ஆனால், "வியாழக்கிழமை சொல்றேன்" என்றுதான் முடித்தாள். வீட்டுக் கடன் இருந்தது. ஆறு வருஷ உழைப்பு இருந்தது. எல்லாவற்றையும்விட, அந்த ஆர்க்கிட் இருந்தது. தான் போனால், தபானி தழுதழுத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுவார். இருந்தாலோ, அடுத்த ரோப்பேவுக்கும் முதல் பக்கம் எது என்று காட்ட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஆளுக்குத்தான் லாபம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வியாழக்கிழமை வந்தது. பெல்கொனெனும் வந்தார்.

லிஃப்ட் கதவு திறந்தபோது தபானி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பங்குதாரர்கள் மூன்று பேர். ஓரத்தில் ரோப்பே, கையில் ரீக்காவின் ஃபைலோடு. உள்ளேயிருந்து இறங்கியது ஐம்பதைத் தாண்டிய, அகன்ற தோளுள்ள ஒரு பெண்மணி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையில் டவல்.

"சிர்ப்பா பெல்கொனென். சௌனா சூடா?"

தபானியின் கைகள் நீட்டியபடியே நின்றன.

"செப்போ... வரலையா?"

"அவன் ஸ்பெயின்ல கிடார் வாசிக்கறான். மிட்டாயே சாப்பிட மாட்டான்." சிர்ப்பா சுற்றிலும் பார்த்தார். "சர்கோலாகிட்ட பேச்சுன்னா சௌனாலதான்னு அப்பா சொல்வாரு. பஸ்ல வர்றப்பவே அதே நினைப்பு. போலாமா?"

தபானியும் மற்ற மூன்று பங்குதாரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கடம் இதுதான்: விருந்தாளியைச் சௌனாவுக்குள் தனியாக அனுப்புவது மரியாதை இல்லை. கூடவே போவது அதைவிட மரியாதை இல்லை. குடும்பம் என்றால் வேறு. வாடிக்கையாளரோடு நாலு ஆண்கள் ஒட்டுத் துணி இல்லாமல் உட்கார்ந்து பேரம் பேசினால், மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள்.

தபானியின் பார்வை எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் வழக்கமான இடத்தில் வந்து நின்றது. ஆனால் இந்தத் தடவை காபிக்காக இல்லை.

"ரீக்கா," என்றார், தனியாக இழுத்துப் போய். நெற்றியில் வியர்வை, சௌனாவுக்குள் போவதற்கு முன்பே. "நீதான்மா காப்பாத்தணும். சும்மா கூட உக்காந்திரு. வானிலை பத்திப் பேசு. மத்ததை வெளிய வந்ததும் நாங்க பாத்துக்கறோம்."

"ஃபைல் ரோப்பேவோடது ஆச்சே."

"ரோப்பேவ உள்ள அனுப்ப முடியுமா? யோசிச்சுப் பேசு."

பத்து நிமிஷத்தில் ரீக்கா மேல் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சிர்ப்பா, கையில் அகப்பை, காலடியில் வாளி. சிர்ப்பாவின் ஊரான சாவோ பக்கத்து ஆட்களிடம் "ஆமாம்" வாங்குவதும் கஷ்டம், "இல்லை" வாங்குவதும் கஷ்டம் என்பார்கள். சிர்ப்பா இரண்டையும் தராமல், சூடேறிய அடுப்புக் கல்லில் தண்ணீர் விட்டார். புஸ்ஸென்று எழுந்த ஆவி காது மடலைப் பிடித்துத் திருகியது.

"அந்தப் பேப்பரெல்லாம் யார் தயார் பண்ணது?"

ரீக்கா நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "இந்த ஆபீஸ் சம்பளத்த வாங்கிக்கிட்டு, இந்த ஆபீஸ் சௌனாலயே உக்காந்து, இந்த ஆபீஸ் பத்திப் பேச மாட்டேன்."

"நியாயம்தான்." இன்னொரு அகப்பை. "ஸ்வீடன்காரன் என் ஃபாக்டரிய வாங்கின மறு வருஷமே அத மூடிட்டு, மெஷினைத் தூக்கிட்டுப் போலாம்னு ஒப்பந்தத்துல ஒரு வரி நைசா இருக்குன்னு ஓரத்துல எழுதியிருந்துதே. அது அந்தப் பையனா கண்டுபிடிச்சான்?"

ரீக்காவுக்கு இருமல் வந்தது.

"இருமலுக்கு நம்ம உப்பு மிட்டாய் நல்லது," என்றார் சிர்ப்பா.

அதன்பிறகு வானிலையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்வீடன்காரனின் விலை, தொழிலாளிகள், மிட்டாயின் பக்குவத்தை யார் கையில் விடுவது, எல்லாவற்றையும் பேசினார்கள். சிர்ப்பா கேட்டார், ரீக்கா சொன்னாள். இரண்டு முறை வெளியே போய்க் குளிர்ந்த ஷவரில் நின்றுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

ஆறு மணி ஆயிற்று. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மன்னிக்கணும்." ரோப்பேயின் குரல். "ஆண்கள் முறை வந்துடுச்சு."

"பெண்கள் முறை இன்னும் முடியல," என்றார் சிர்ப்பா.

வெளியே உடை மாற்றும் கூடத்தில் பங்குதாரர்கள் நாலு பேரும் வெள்ளை அங்கியோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி. முழங்கால்கள் நீலம் பாரித்திருந்தன. ரோப்பே மின் அடுப்பில் சாஸேஜைப் புரட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் முறை முடியும்வரை கதவைத் திறக்க அந்த அலுவலகத்தில் எந்த ஆணுக்கும் உரிமை இல்லை. விதியை எழுதியது தபானியேதான்.

மறுபடியும் தட்டல்.

"ரீக்கா," என்றது தபானியின் குரல், தேன் தடவி. "ஒன்பதாவது பிரிவு பத்தி அவங்க என்ன நினைக்கறாங்கன்னு ரோப்பே கேக்கறான்."

"பேசிட்டோம்," என்றாள் ரீக்கா.

"என்ன பேசினீங்க?"

"நாளைக்குக் காலையில சொல்றேன்."

சிர்ப்பாவின் தோள்கள் குலுங்கின. ரீக்கா முகத்தை டவலுக்குள் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டாள்.

ஒருவழியாக வெளியே வந்தபோது சிர்ப்பாவின் முகம் சிவந்து பளபளத்தது. "வேலையக் குடுக்கலாம்னுதான் தோணுது," என்றார் தபானியிடம். "யார் பாக்கப் போறாங்கன்னு மட்டும் தெரிஞ்சாகணும்."

"அற்புதம்," என்றார் தபானி. "இப்ப எங்க முறை. உள்ள போய் அதையும் பேசி முடிவு பண்ணிட்டு வந்துடறோம். ரீக்கா, உன் விஷயமும் உண்டு. அதுவரைக்கும் நீ விருந்தாளியக் கவனி. காபி போட்டுக் குடு."

ரோப்பேயும் அங்கியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்.

சிர்ப்பா மூடிய கதவைப் பார்த்தார். பிறகு ரீக்காவைப் பார்த்தார்.

"நாம பேசி முடிச்சதைத்தான் அவங்க மறுபடி பேசறாங்களா?"

"ஆமா."

"உன்னப் பத்தியும்?"

"ஆமா."

"நீ இங்க நிக்கறப்பவே?"

"எப்பவும் அப்படித்தான்."

"எங்க ஃபாக்டரில மிட்டாய் கிண்டற மெஷினத் திட்டறதுன்னாகூட, அதோட பக்கத்துல போய் நின்னுதான் திட்டுவோம்." சிர்ப்பா பெஞ்சில் உட்கார்ந்து சாஸேஜ் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "கடுகு எங்க?"

ரீக்கா காபி போடவில்லை. கடுகு விழுதை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள். இந்த ஆறு வருஷத்தில், ஆண்கள் முறையின் சாஸேஜை அவள் தின்று பார்த்ததே இல்லை. அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. ஓரம் கருகி, நடுவில் சில்லென்று இருந்தது. இதற்காகவா இத்தனை நாள் கதவுக்கு வெளியே நின்றோம் என்று தோன்றியது. ஆனாலும் நிறுத்தவில்லை, இரண்டாவதை எடுத்தாள்.

கதவு திறந்தது. வெந்த நண்டு நிறத்தில் ஐந்து பேர் வெளியே வந்தார்கள். தபானியின் முகத்தில் மகளிர் தினத்து ரோஜாக் களை.

"ரீக்கா, ஏகமனதா முடிவு பண்ணிட்டோம். நம்ம ஆபீஸ்ல இப்படி ஒரு பதவி இதுவரைக்கும் கிடையாது. உனக்காகவே உண்டாக்கினோம்." ஒரு நிமிஷம் நிறுத்தி, சுற்றிலும் பார்த்தார். "மகளிர் வாடிக்கையாளர் உபசரிப்பு மேலாளர்."

யாரோ கை தட்டினார்கள். ரோப்பேதான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"பங்குதாரர்?" என்று கேட்டாள் ரீக்கா.

"அது அடுத்த வருஷம் நிதானமாப் பேசலாம்மா."

"பெல்கொனென் ஃபைல்?"

"ரோப்பே பாப்பான். நீ பக்கத்துல இருந்து அவனுக்குச் சொல்லிக்குடு."

கோபம் வரும் என்று ரீக்கா காத்திருந்தாள். வந்தது சிரிப்பு. இந்த ஆட்களிடமா, ஒரு நாள் கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள் என்று காத்துக்கிடந்தோம்? நாற்காலி போடத் தெரியாதவர்கள் இல்லை. கூப்பிட்டால் தாங்கள் எதற்கு என்று பயம். ஆர்க்கிட்டை நினைத்துப் பார்த்தாள். கொடுத்துவிட்டுப் போகட்டும். பூக்கடைக்கு மேல்தானே அலுவலகம்.

"சந்தோஷம், தபானி," என்றாள். "எங்க முறையில நானும் ஒரு முடிவு எடுத்துட்டேன். வேலைய விடறேன்."

தபானியின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பழக்கதோஷத்தில் குரல் தானாகத் தழுதழுத்தது. "குடும்பத்துக்காகவா?"

"ஆமா. சைலாவோட பூனை தனியா இருக்கு."

"சாஸேஜ் எங்க?" என்று கேட்டார் பின்னாலிருந்த பங்குதாரர் ஒருவர், காலித் தட்டைப் பார்த்து.

"அதையும் முடிச்சுட்டோம்," என்றார் சிர்ப்பா, விரலில் ஒட்டிய கடுகைத் துடைத்துக்கொண்டே.

லிஃப்டில் இறங்கும்போது ரீக்கா சைலாவுக்குச் செய்தி அனுப்பினாள்: மூக்கால் பாடுகிறவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள். வீட்டுக் கடன் அப்படியேதான் இருந்தது.

சிர்ப்பா பையிலிருந்து ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "நான் எதையும் சத்தியம் பண்றவ இல்ல. வேலைய உங்க சர்கோலாவுக்கே குடுத்தாலும் குடுப்பேன். ஊருக்குப் போய் யோசிக்கணும்."

"நானும் ஒண்ணும் கேக்கல."

"அது தெரியும்." லிஃப்ட் ஒரு மாடி இறங்கியது. "எங்க போற?"

"ஹாகனியெமி. பூக்கடைக்கு மேல."

"சௌனா இருக்கா?"

"இல்ல. ஒரு கெட்டில் இருக்கு."

சிர்ப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். சாவோ ஆட்களுக்கு யோசிக்க நேரம் வேண்டும். லிஃப்ட் தரைக்கு வந்து, கதவு திறந்ததும், வெளியே நடந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"டீத்தூள் நல்லதா வாங்கி வை."